இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை

முட்டை உடைப்பதில்தான் தொடங்குகிறது.
சிவ்ரி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மூன்று டஜன்.
"பார்ட்டியா மேடம்?" என்பான் கடைக்காரன்.
பார்ட்டிதான்.
ஸ்பிரிட்டில் ஓட்டைத் துடைத்து
கருவும் வெள்ளையும் அடித்துக் கலந்து
பச்சைச் சாயம் ஊற்றி
குழாய்களைச் சாய்த்துவைத்து வேகவிட்டால்
ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மலைச்சரிவு,
ஜூலை மாதத்துக் கர்ஜத் மாதிரி.

விருந்தாளிக்கு அவசரம் கிடையாது.
மற்ற கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும்.
இதற்கு இருபது மணி நேரம் வேண்டும்.
இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும் மெஷின் உண்டு,
ஒரே ஒரு மருந்தைப் பற்றித்தான் அது பேசும்.
மிச்சத்தை முளைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
எட்டு வாரம் பார்.
ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கு முன்
இன்னொருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்.

மாதிரி எண் 2291.
டப்பா மூடியில் யாரோ பேனாவால் பெயரையும் எழுதியிருந்தார்கள்.
எழுதக் கூடாது.
அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
ஒட்டுவதற்குள் படித்துவிட்டேன்:
ஷகுஃப்தா, 23, கோவண்டி, ஜரி வேலை.
மாத்திரை தொடங்கியது மூன்றாம் தடவை.

கணக்கெடுப்புக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறேன்.
ஏழாவது மாடியில் நடுப்பகலுக்கு ட்யூப்லைட்.
ஜன்னலைத் திறந்தால்
எதிர் வீட்டுக் குக்கர்
நம் அடுப்பில் விசிலடிக்கும்.
வெயில் அங்கே வாடகைக்கும் வராது.

எங்கள் அறையில் காற்றுக்குச் சட்டம் உண்டு:
உள்ளே வரலாம், வந்தவழி திரும்பக் கூடாது.
இரட்டைக் கதவு, இரட்டைக் கையுறை.
மூக்கு அரித்தால் சாயங்காலம்வரை அரிக்கும்.
உஜ்வலா மராத்தியில் சபிப்பாள், நான் தமிழில்.
கண்ணாடியில் படிகிற ஆவி ஒன்றுதான்.

நான்காம் வாரம் வந்தது.
ரஸ்க் தூள் சிந்தியதுபோல்
பழுப்பாய், முரடாய்.
டாக்டர் பருச்சா திருப்பித் திருப்பிப் பார்த்து
"அழகு" என்றார்.
அழகுதான்.
அதைத்தான் என்னால் சாப்பாட்டு நேரத்தில் மறக்க முடியவில்லை.

பிறகு மருந்து கலந்த சரிவுகள்.
முதல் மருந்திலும் முளைத்தது.
இரண்டாவதிலும்.
ஊசி மருந்தை உரம்போல் தின்றது.
ஆறாவதுக்கு மேல் எழுதக் கை வராமல்
மேற்படி, மேற்படி என்று புள்ளி வைத்தேன்.

வார்டுக்குப் போன் போட்டேன்.
"2291, ரெசிஸ்டன்ட். மருந்து மாத்தணும்."
காகிதம் புரளும் சத்தம்.
"அந்தப் பெட்ல பதினாலாம் தேதியிலேர்ந்து வேற ஆள்"
என்றாள் சிஸ்டர்.
சரி என்றேன்.
எதற்குச் சரி?

கழித்தல் எண்பது டிகிரிப் பெட்டியில்
மூன்றாம் தட்டு, நான்காம் வரிசை.
எந்த வருடம் எடுத்து உருக்கினாலும்
அவள் நெஞ்சில் விட்ட இடத்திலிருந்து தொடரும்,
இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை.

மறு மழைக்காலம் ஒரு புது மூலக்கூறு வந்தது.
பெயர் இல்லை, முப்பத்தொன்று என்று கூப்பிட்டோம்.
எங்களிடம் இருந்ததிலேயே அடங்காப்பிடாரி 2291.
அதன்மேல்தான் போட்டோம்.
நான்கு வாரம்.
ஆறு.
எட்டு.
வெறும் பச்சை.

உஜ்வலா பேடா வாங்கிவந்தாள்.
"இது குழாய்தான்" என்றார் பருச்சா,
"மனுஷ உடம்புக்குப் போகப் பத்து வருஷம்,
போகாமலும் இருக்கலாம்."
ஆனாலும் இரண்டு பேடா எடுத்துக்கொண்டார்.
நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கி
இன்னொருமுறை பார்த்தேன்.
ஒன்றுமில்லை ஷகுஃப்தா,
ஒன்றுமே இல்லை.

ஹார்பர் லைனில் திரும்புகையில்
லேடீஸ் பெட்டியின் கோடியில் யாரோ இருமினார்கள்.
துப்பட்டாக்கள் மூக்குக்கு ஏறின.
இருமியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.
மழைக்காக ஷட்டர் இறக்கியிருந்தது, துருப்பிடித்த ஷட்டர்.
எழுந்து இரண்டு கையாலும் தூக்கினேன்.
"அரே, பாரிஷ்!" என்றாள் எதிரில் இருந்தவள்.
நனையலாம் என்றேன்.